குடும்பத்தோடு ஸ்பெயின் குழுச் சுற்றுலா: சாப்பாடும் ஊர்களும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வழிகாட்டியோடு குழுவாக ஸ்பெயின் போகத் திட்டமிடும் குடும்பங்களுக்காக எழுதிய பக்கம் இது. குழந்தைகளும் பெரியவர்களும் சேர்ந்து போகும் பயணத்தை மனத்தில் வைத்தே பதில்கள் தரப்பட்டிருக்கின்றன. ஸ்பெயினில் ஒரு நாள் நன்றாகப் போவதும் கெடுவதும் பகல் சாப்பாட்டைப் பொறுத்தது. அதை நடுவில் வைத்துக்கொண்டு மற்றதைச் சுற்றிலும் அடுக்குங்கள்.

எத்தனை நாள் வேண்டும்? எந்தெந்த ஊர்?

மாட்ரிட், செவியா, கிரானடா, வலென்சியா, பார்சலோனா என்று ஐந்து ஊர்களில் தங்குவதற்குப் பன்னிரண்டு இரவு இருந்தால் நிதானமாகப் பார்க்கலாம். பத்து இரவுதான் என்றால் வலென்சியாவையோ கிரானடாவையோ விட வேண்டிவரும். ஏழே இரவு என்றால் மாட்ரிட், செவியா, கிரானடா மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஏழு இரவில் பார்சலோனாவையும் போர்ச்சுகலையும் சேர்த்துக் காட்டுகிறோம் என்று வரும் விளம்பரங்களில் பாதி நேரம் நெடுஞ்சாலையிலேயே போய்விடும்.

மாட்ரிட்டிலிருந்து கோர்தோபா வரை ஆவே அதிவேக ரயிலில் ஏறக்குறைய 1 மணி 45 நிமிடம். அங்கிருந்து செவியா இன்னொரு 45 நிமிடம். ஆகவே மாட்ரிட்டிலிருந்து செவியா போகும் நாளிலேயே கோர்தோபாவை இடையில் பார்த்துவிடலாம். செவியாவிலிருந்து கிரானடா 250 கி.மீ., பேருந்தில் மூன்று மணி நேரம். கிரானடாவிலிருந்து வலென்சியா ஏறக்குறைய 500 கி.மீ. ஓய்வு நேரத்தையும் சேர்த்தால் அந்த நாள் முழுக்க அதற்கே சரியாகிவிடும். நிகழ்ச்சி நிரலில் அதே நாளில் ‘மாலையில் ஊர் சுற்றல்’ என்று இருந்தால் அது நடக்காது. வலென்சியாவிலிருந்து பார்சலோனாவுக்கு ரயிலில் மூன்று மணி நேரம் ஆகும்.

மாட்ரிட்டில் இறங்கி பார்சலோனாவிலிருந்து திரும்பும்படி விமான டிக்கெட் எடுங்கள். இரண்டுக்கும் ஒரே ஊர் என்று எடுத்தால், கடைசி நாள் 600 கி.மீ.க்கு மேல் திரும்பி வர வேண்டியிருக்கும். சென்னையிலிருந்து நேரடி விமானம் கிடையாது. துபாய், தோஹா போன்ற இடத்தில் மாறித்தான் போக வேண்டும்.

எந்த மாதம் நல்லது? பள்ளி விடுமுறை மே மாதம்தானே கிடைக்கிறது?

மே மாதம் நல்ல மாதம். ஏப்ரல், மே, பிறகு செப்டம்பர் கடைசி முதல் அக்டோபர் வரை தாராளமாகப் போகலாம். ஜூலை, ஆகஸ்டில் செவியாவும் கோர்தோபாவும் 40 டிகிரியைத் தாண்டும். ‘நாம் பார்க்காத வெயிலா’ என்று நினைக்க வேண்டாம். நம் ஊரில் அந்த வெயிலில் நாம் மதியம் இரண்டு மணிக்குக் கல் பாவிய தெருவில் மூன்று கிலோமீட்டர் நடப்பதில்லை. ஆகஸ்டில் மாட்ரிட்டின் குடும்ப உணவகங்கள் பலவும் விடுமுறைக்குப் பூட்டிக் கிடக்கும்.

ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் செவியாவின் பழைய நகரம் முழுக்க ஊர்வலம். பார்க்க அற்புதமாக இருக்கும், ஆனால் தெருக்கள் அடைபட்டுவிடும். பேருந்து ஓட்டல் பக்கமே வராது. அறை வாடகையும் ஏறிவிடும். ஊர்வலத்தைப் பார்ப்பதற்காகவே போகிறவர்கள் மட்டும் அந்த வாரத்தைத் தேர்ந்தெடுங்கள். மாட்ரிட், கிரானடா இரண்டும் கடல்மட்டத்துக்கு 650 மீட்டருக்கு மேல் இருப்பவை. ஏப்ரல் இரவில்கூடக் குளிரும். ஒரு ஸ்வெட்டர் கைப்பையிலேயே இருக்கட்டும்.

சாப்பாட்டு நேரம் ஏன் இவ்வளவு தாமதம்? குழந்தைகளை எப்படிச் சமாளிப்பது?

பகல் சாப்பாடு இரண்டிலிருந்து மூன்றரை வரை. இரவுச் சாப்பாடு ஒன்பது மணிக்கு மேல். இடையில், நான்கு மணியிலிருந்து எட்டு மணிவரை பல உணவகங்களில் அடுப்பே எரியாது. நாற்காலி போட்டிருக்கும், காப்பி கிடைக்கும், சாப்பாடு கிடைக்காது.

சோம்பேறித்தனத்தால் அல்ல, கடிகாரத்தால் வந்த பழக்கம் இது. பூகோளப்படி ஸ்பெயின் லண்டனின் நேரத்தில் இருக்க வேண்டிய நாடு. 1940இல் சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சி கடிகாரத்தை மத்திய ஐரோப்பிய நேரத்துக்குத் தள்ளிவைத்தது, அது அப்படியே நின்றுவிட்டது. கோடையில் மாட்ரிட்டில் சூரியன் உச்சிக்கு வருவது மதியம் 2:15 மணிக்குமேல். கடிகாரத்தைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்தால், அவர்கள் உச்சிவேளைக்குத்தான் சாப்பிடுகிறார்கள். ஜூன் கடைசியில் இரவு 9:45 வரை வெளிச்சம் இருக்கும்.

நடைமுறையில் இப்படிச் செய்யுங்கள். காலையில் ஓட்டலில் நன்றாகச் சாப்பிடுங்கள். பதினொன்றரைக்குக் குழந்தைகளுக்கு ஒரு துண்டு முட்டை-உருளைக்கிழங்கு தோர்தியா அல்லது தக்காளி தேய்த்த ரொட்டி வாங்கிக் கொடுங்கள். கடை திறந்ததும், ஒன்றரை மணிக்கே உட்கார்ந்துவிடுங்கள். அப்போது கூட்டமும் இருக்காது. அன்றைய பெரிய சாப்பாடு அதுதான். பிறகு ஓட்டலுக்குப் போய் இரண்டு மணி நேரம் படுத்து எழுந்து, ஆறு மணிக்கு மேல் வெளியே வந்தால் ஊரே தெருவில் இருக்கும். இரவுக்கு எட்டரை மணிவாக்கில் தபாஸ் எனப்படும் சிறு தட்டுகள் இரண்டு மூன்று போதும். இந்த மதிய இடைவெளி இல்லாத நிகழ்ச்சி நிரலை வாங்காதீர்கள். மூன்றாம் நாளே குழந்தைகள் அழ ஆரம்பிப்பார்கள், தாத்தா பாட்டி பேருந்திலேயே உட்கார்ந்துகொள்வார்கள்.

வார நாள் பகலில் உணவகங்கள் வைக்கும் ‘மெனு தெல் தியா’ குடும்பத்துக்கு ஏற்றது. முதல் தட்டு, இரண்டாம் தட்டு, ரொட்டி, ஒரு பானம், கடைசியில் இனிப்போ காப்பியோ எல்லாம் சேர்த்து ஒரே விலை.

நாங்கள் சைவம். சமாளிக்க முடியுமா?

முடியும். ஆனால் ‘சைவம்’ என்ற ஒரு சொல்லை மட்டும் நம்பிப் போனால் ஏமாற்றம்தான். ‘வெஜெதரியானோ’ என்று சொல்லிக் கேட்ட காய்கறிச் சாலட்டின் மேல் சூரை மீன் தூவி வருவது மிகச் சாதாரணம். ‘கார்னே’ என்றால் அவர்கள் காதுக்கு இறைச்சித் துண்டு. பன்றித் தொடையைப் பதப்படுத்திய ஹமோனைப் பலர் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதனால் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி மறுக்க வேண்டும்: ‘சின் கார்னே, சின் ஹமோன், சின் பெஸ்காதோ, சின் அதூன்.’ இறைச்சி, ஹமோன், மீன், சூரை நான்கும் வேண்டாம் என்று பொருள். ஐந்தாவதாக ஒன்று கேளுங்கள்: ‘எல் கால்தோ எஸ் தே வெர்துராஸ்?’ கொதிநீர்ச் சாறு காய்கறியில் செய்ததா என்று அர்த்தம். சூப்பிலும் சோற்றிலும் மறைந்திருப்பது அந்தச் சாறுதான்.

பயமில்லாமல் கேட்கக்கூடியவை நிறைய உண்டு. செவியாவில் கீரையும் கொண்டைக்கடலையும் சீரகம் போட்டுச் சேர்த்து வதக்கிய ‘எஸ்பினாகாஸ் கோன் கர்பான்சோஸ்’ இருக்கிறது. நம் நாக்குக்கு முதல் வாயிலேயே பழகிவிடும். கோர்தோபா, கிரானடா பக்கம் கத்தரிக்காயை மாவில் தோய்த்துப் பொரித்து, மேலே கரும்புப்பாகு ஊற்றித் தருவார்கள். பாதிரோன் பச்சைமிளகாயை எண்ணெயில் வாட்டி உப்புத் தூவித் தருவார்கள். பெரும்பாலும் காரம் இருக்காது, பத்தில் ஒன்று சுரீரென்று இருக்கும். பார்சலோனாவில் சுட்ட கத்தரி, குடைமிளகாயில் செய்த எஸ்கலிவாதா கிடைக்கும், நெத்திலி வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடுங்கள். குளிர்ந்த தக்காளிச் சாறான கஸ்பாச்சோவில் வழக்கமாக விலங்குப் பொருள் எதுவும் இல்லை. அதன் கெட்டியான உறவான சல்மொரேகோவின் மேலே முட்டையும் ஹமோனும் தூவுவார்கள், ஆகவே ‘சின் ஹமோன்’ மறக்காதீர்கள்.

பருப்புக் குழம்பு என்று நினைத்து ‘லென்தேகாஸ்’ கேட்காதீர்கள், அதில் சோரிசோ எனும் பன்றித் தொத்திறைச்சி இருக்கும். கடையில் அழகாக அடுக்கியிருக்கும் பொல்வொரோன், மந்தேகாதோ இனிப்புகள் பெரும்பாலும் பன்றிக் கொழுப்பில் செய்தவை. மயோர்காவின் எந்சைமாதா ரொட்டியும் அப்படித்தான்.

மாட்டிறைச்சி, பன்றி தவிர்க்கிறவர்கள், ஹலால் பார்க்கிறவர்கள்?

மாடு என்றால் ‘தெர்னேரா’, ‘வாகா’, ‘புவெய்’. பன்றி என்றால் ‘செர்தோ’. ஹமோன், சோரிசோ, மொர்சியா, பன்செத்தா, தொசினோ எல்லாம் பன்றிதான். கோழி ‘பொயோ’, ஆட்டுக்குட்டி ‘கொர்தேரோ’. கடலோர ஊர்களில் மீன் வகைகள் அருமை. ஹலால் கடைகள் கிரானடாவின் அல்பைசின் அடிவாரம், பார்சலோனாவின் ராவல், மாட்ரிட்டின் லவாபியேஸ் பகுதிகளில் கிடைக்கும். குழுச் சாப்பாட்டில் ஹலால் வேண்டுமென்றால், ‘பன்றி இருக்காது’ என்ற பதிலோடு விட்டுவிடாதீர்கள். இரண்டும் ஒன்றல்ல. எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நல்ல பயேயாவை எப்படி அடையாளம் காண்பது?

முதலில், அதைப் பகலில் சாப்பிடுங்கள். வலென்சியாக்காரர் இரவில் அதைத் தொடமாட்டார், கனமான சாப்பாடு அது. ‘ஃபிளமென்கோ நடனத்தோடு இரவு பயேயா விருந்து’ என்று நிரலில் இருந்தால், பெரும்பாலும் மொத்தமாகச் செய்து சூடுபடுத்தியதுதான் தட்டில் வரும்.

பயேயா என்பது அந்த அகலமான, தட்டையான வாணலியின் பெயர். வலென்சியாவின் சொந்த பயேயாவில் கோழி, முயல், தட்டையான பச்சை பீன்ஸ், கர்ரொஃபோ எனும் பெரிய வெள்ளை அவரை, துருவிய தக்காளி, ஆலிவ் எண்ணெய், பிமென்தோன் மிளகாய்த்தூள், குங்குமப்பூ, உப்பு, தண்ணீர், அரிசி இவ்வளவுதான். சில வீடுகளில் ரோஸ்மேரியும் நத்தையும் சேரும். சோரிசோ சேர்த்தால் அந்த ஊரில் சண்டையே வரும். கடல் உணவு போட்டது தனி வகை.

ஆளுக்கு 100 கிராம் அரிசி. சாற்றை நன்றாக உறிஞ்சும் குட்டை அரிசி வகைகளான பொம்பா, செனியா போன்றவை. முதலில் இறைச்சியைப் பொன்னிறமாக வறுத்து, காய்களை வதக்கி, தண்ணீர் ஊற்றிச் சாறு இறங்க விட்டு, அப்புறம்தான் அரிசியைப் பரப்புவார்கள். பரப்பியபின் கரண்டி போடக்கூடாது. கிளறினால் அரிசியின் மாவுச்சத்து கரைந்து கஞ்சிபோலப் பிடித்துக்கொள்ளும். 18 முதல் 20 நிமிடத்தில் நீர் வற்றி, அடியில் அரிசி எண்ணெயில் பொரிந்து பழுப்பாகும். அந்தக் காந்தலுக்கு ‘சொக்கர்ராத்’ என்று பெயர். நம் வீட்டில் பானையின் அடிக்காந்தலுக்குக் குழந்தைகள் போட்டி போடுவார்களே, அதே போட்டி அங்கேயும் உண்டு.

அரிசி அடுக்கு ஒரு விரல் பருமனுக்குமேல் இருக்கக்கூடாது. பளீரென்ற மஞ்சள் நிறம் பெரும்பாலும் சாயப்பொடி. குங்குமப்பூவும் பிமென்தோனும் தருவது மங்கலான பொன்-பழுப்பு. கேட்ட பத்து நிமிடத்தில் வந்துவிட்டால் அது உங்களுக்காகச் செய்ததல்ல. குறைந்தது இரண்டு பேருக்குத்தான் செய்வார்கள், அரை மணி நேரத்துக்குமேல் ஆகும். குழுவாகப் போகும்போது முந்தைய நாளே சொல்லிவிடச் சொல்லுங்கள். சைவக்காரர்களுக்குத் தனி வாணலியில், காய்கறிச் சாற்றில் ‘அர்ரோஸ் தே வெர்துராஸ்’ கேளுங்கள்.

நேரம் இருந்தால் வலென்சியாவுக்குத் தெற்கே, நெல் விளையும் அல்புஃபேரா ஏரிக்கரையில் சாப்பிடுங்கள். நாற்று பச்சையாக நிற்கும் ஜூன், ஜூலையில் அந்த வயல் வெளியைப் பார்த்தால் தஞ்சாவூர்க்காரர் கண் கலங்கும். பிறகு ஒரு ஓர்ச்சாத்தா. கோரைக்கிழங்கு இனத்தைச் சேர்ந்த சூஃபா கிழங்கை ஊறவைத்து அரைத்துப் பிழிந்த, பால்போன்ற குளிர்பானம் அது. பசும்பால் சேராது.

தினமும் இரவு இந்தியச் சாப்பாடு தரும் பேக்கேஜ் நல்லதா?

இந்தியாவிலிருந்து புறப்படும் குழுக்கள் பெரும்பாலும் அப்படித்தான் விற்கின்றன. ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும் என்பது எங்கள் கருத்து. இந்திய உணவகம் ஊருக்கு வெளியே இருந்தால், பேருந்தில் போக அரை மணி, வர அரை மணி. பழைய நகரத்தின் அழகான மாலைப்பொழுது அதில் கரைந்துவிடும். பகலில் அந்த ஊர்ச் சாப்பாடு, இரவில் தேவைப்பட்டால் மட்டும் நம் சாப்பாடு என்று பிரித்துக்கொண்டால் பெரியவர்களுக்கும் வயிறு கேட்கும்.

வீட்டிலிருந்து என்ன கொண்டு போகலாம்?

பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், எண்ணெய் ஊறுகாய், தட்டை, முறுக்கு கொண்டு போகலாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து இறைச்சியும் பால்பொருளும் பயணிகள் எடுத்துவரத் தடை இருக்கிறது. நெய், பால்கோவா, பன்னீர் எல்லாம் இதில் அடங்கும். கைக்குழந்தையின் பால்பவுடருக்கு மட்டும் 2 கிலோ வரை விலக்கு உண்டு.

பலரும் கவனிக்காதது கறிவேப்பிலை. பச்சை இலை, காய், பழம் எதுவானாலும் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் கொண்டுபோகக் கூடாது. வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, துரியன் என்ற ஐந்துக்கு மட்டும் விலக்கு. மாம்பழம் எடுத்துப் போகாதீர்கள், பறித்துக் குப்பையில் போடுவார்கள்.

பல ஓட்டல் அறைகளில் கெட்டில் இருக்காது. சிறிய பயணக் கெட்டில் ஒன்று பெட்டியில் இருந்தால், இரவு பத்து மணிக்குப் பசிக்கும் குழந்தைக்கு உப்புமா மிக்ஸ் கலந்து கொடுக்கலாம்.

குழந்தைகள் எதை விரும்பிச் சாப்பிடுவார்கள்?

சூர்ரோஸ். கோதுமை மாவு, வெந்நீர், உப்பு மட்டும்தான். முட்டையும் பாலும் இல்லை. நம் முள்ளு முறுக்கு அச்சுபோல நட்சத்திர ஓட்டை வழியாகப் பிழிந்து எண்ணெயில் விடுவார்கள். அந்த வரிகள் அலங்காரத்துக்காக அல்ல. வழவழப்பான வட்டமாகப் பிழிந்தால் உள்ளே நீராவி அடைபட்டு எண்ணெயிலேயே வெடிக்கும், வரிகள் இருப்பதால் சீராக வேகும். கூடத் தரும் சாக்லேட் குடிப்பதற்கல்ல, தோய்த்துச் சாப்பிடும் அளவுக்குக் கெட்டி.

வேர்க்கடலை, பாதாம், முட்டை போன்ற ஒவ்வாமை இருந்தால் தயங்காமல் கேளுங்கள். 14 வகை ஒவ்வாமைப் பொருள்கள் பற்றிய தகவல் தருவது ஐரோப்பிய ஒன்றியம் முழுக்கச் சட்டப்படி கட்டாயம். குழாய்த் தண்ணீரை இலவசமாகக் கொடுக்கவும் 2022ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ‘அகுவா தெல் க்ரிஃபோ’ என்று கேளுங்கள். மாட்ரிட் தண்ணீர் ருசியாகவே இருக்கும்.

அல்ஹம்ப்ரா டிக்கெட்டில் என்ன சிக்கல் வரும்?

அதிகம் ஏமாறும் இடம் இதுதான். கிரானடாவின் அல்ஹம்ப்ரா ஒரு குன்றுக் கோட்டை. அதற்குள்ளே நஸ்ரித் வம்ச சுல்தான்களின் அரண்மனைகள்தான் உயிர். சில பேக்கேஜ்களில் ‘அல்ஹம்ப்ரா பார்வை’ என்று போட்டு, தோட்டத்தையும் கோட்டையையும் மட்டும் காட்டி அனுப்பிவிடுகிறார்கள். ‘நஸ்ரித் அரண்மனைகள் உண்டு’ என்ற வரி எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

டிக்கெட் ஒவ்வொருவர் பெயரிலும் பாஸ்போர்ட் எண்ணோடும் வரும். உள்ளே போகும்போது அசல் பாஸ்போர்ட்டைச் சரிபார்ப்பார்கள். 12 வயதுக்குக் கீழே கட்டணம் இல்லை, ஆனால் அவர்களுக்கும் டிக்கெட் வேண்டும். நஸ்ரித் அரண்மனைகளுக்கு நேரம் அச்சிட்டிருக்கும். அந்த நேரத்திலிருந்து அரை மணிக்குள் நுழைய வேண்டும், தவறினால் விடமாட்டார்கள். பிரதான வாசலிலிருந்து அரண்மனை வாசலுக்கு நடந்து போகவே இருபது நிமிடம் தேவை. வாசலில் இருக்கிறோம், இன்னும் நேரமிருக்கிறது என்று தேங்கும் குடும்பங்கள்தான் தவறவிடுகின்றன.

தமிழர்களுக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் என்ற இடத்தில் அப்பா பெயர், அல்லது ஒன்றுமே இல்லாமல் ஒரே பெயர், அல்லது முன்னெழுத்து மட்டும் என்று நம்மிடம் பலவிதம். விமானம், ரயில், அல்ஹம்ப்ரா மூன்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து அப்படியே தரச் சொல்லுங்கள். முன்பதிவுக்குப் பிறகு பாஸ்போர்ட் புதுப்பித்தால் எண் மாறிவிடும், உடனே ஏற்பாட்டாளரிடம் தெரிவியுங்கள்.

சிங்கமுற்றத்தில் அவசரப்படாதீர்கள். பன்னிரண்டு சலவைக்கல் சிங்கங்கள் முதுகில் ஒரு பெரிய கல்தொட்டி இருக்கும். அதன் விளிம்பைச் சுற்றிக் கவிஞர் இப்னு ஸம்ரக் எழுதிய அரபுப் பாட்டு செதுக்கியிருக்கிறது, ஓடுகிற நீரையும் உறைந்த கல்லையும் பிரித்தறிய முடியாத அழகைப் பற்றியது. சுவரெங்கும் சுண்ணச் செதுக்கலில் ‘இறைவனன்றி வெல்பவர் இல்லை’ என்ற ஒரே வரி திரும்பத் திரும்ப வரும். கிரானடாவின் கடைசி சுல்தான் 1492 ஜனவரி 2 அன்று சரணடைந்து இழந்தது இந்த இடத்தைத்தான் என்று நினைத்துக்கொண்டு அதைப் பார்க்க வேண்டும்.

சக்ராதா ஃபமீலியாவுக்கு எந்த நேரம் நல்லது?

கட்டடக்கலைஞர் கௌதியின் இந்தப் பார்சலோனா தேவாலயத்தின் வேலை 1882இல் தொடங்கியது. அவர் அடுத்த ஆண்டே பொறுப்பேற்று, 1926இல் டிராம் மோதி இறக்கும்வரை அதிலேயே இருந்தார். கிழக்குச் சுவர்க் கண்ணாடிகள் நீலமும் பச்சையும், மேற்குக் கண்ணாடிகள் சிவப்பும் ஆரஞ்சும். காலை ஒன்பது பத்து மணிக்குப் போனால் தூண்களெல்லாம் குளத்தடிப் பச்சையில் நிற்கும். மாலை வெயிலில் போனால் அதே தூண்கள் கனல்போல இருக்கும். நடு மதியத்தில் இரண்டும் இல்லை. குழுக்களுக்குப் பெரும்பாலும் நடு மதியத்தைத்தான் ஒதுக்குகிறார்கள், மாற்றக் கேளுங்கள்.

டிக்கெட் இணையத்தில் மட்டும், நேரம் குறித்துத்தான். கோபுரம் ஏறத் தனி டிக்கெட். லிஃப்டில் ஏறி, குறுகலான சுழற்படியில் இறங்க வேண்டும். ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்கு அனுமதி இல்லை. முழங்கால் வலி உள்ளவர்களும் வேண்டாம்.

வேறெதை விடக்கூடாது?

கோர்தோபாவின் மெஸ்கீத்தா. 8ஆம் நூற்றாண்டில் மசூதியாகத் தொடங்கி, 16ஆம் நூற்றாண்டில் நடுவிலேயே தேவாலயம் எழுப்பப்பட்ட கட்டடம். 850க்கு மேற்பட்ட தூண்கள். பல, பழைய ரோமானிய, விசிகோத்துக் கட்டடங்களிலிருந்து எடுத்தவை, குட்டையானவை. கூரையை உயர்த்தத் தூணின்மேல் ஒரு வளைவு, அதன்மேல் இன்னொரு வளைவு என்று இரண்டடுக்காகக் கட்டினார்கள். அந்தச் சிவப்பு வெள்ளை வரிகள், செங்கல்லும் வெளிர்கல்லும் மாறிமாறி வைத்ததால் வந்தவை.

மாட்ரிட்டில் பிராதோ அருங்காட்சியகத்தில் 1656இல் வெலாஸ்கெஸ் வரைந்த ‘லாஸ் மெனினாஸ்’, ரெய்னா சோஃபியாவில் பிக்காசோவின் ‘கெர்னிகா’. பிராதோவில் கடைசி இரண்டு மணி நேரம் இலவசம், வரிசை நீளம். உள்ளே படம் எடுக்க முடியாது. ரெய்னா சோஃபியா செவ்வாய் விடுமுறை, நிரல் போடும்போதே பாருங்கள்.

அம்மா அப்பாவுக்கு முழங்கால் வலி. முடியுமா?

நாளுக்கு ஏழெட்டு கிலோமீட்டர் நடை இருக்கும், தரை கூழாங்கல். புதுச் செருப்போடு போகாதீர்கள். அல்ஹம்ப்ரா மட்டுமே மூன்று மணி நேரம். செவியாவின் கிரால்தா கோபுரத்தில் லிஃப்ட் இல்லை, ஆனால் படிக்குப் பதில் 35 சாய்தளங்கள். முன்பு மசூதிக் கோபுரமாக இருந்தபோது, பாங்கு சொல்பவர் குதிரையில் ஏறிப் போவதற்காக அப்படிக் கட்டினார்கள் என்பார்கள். மெதுவாகப் போனால் பலராலும் முடியும். மாட்ரிட்டுக்கு அருகிலுள்ள குன்று நகரமான தொலேதோவில் அடிவாரத்திலிருந்து மேலே போகத் தானியங்கிப் படிகள் உண்டு. பார்சலோனாவின் குவேல் பூங்காவுக்கு வல்கார்கா மெட்ரோ நிலையம் பக்கமாகப் போனால் மேட்டில் எஸ்கலேட்டர் உதவும்.

பழைய நகரத் தெருக்களில் பேருந்து ஓட்டல் வாசல்வரை வராது. கடைசி 400, 500 மீட்டர் பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்க வேண்டிவரலாம். பெரிய சக்கரமுள்ள, ஒரு கையால் தூக்கக்கூடிய பெட்டி எடுங்கள்.

பணம் கட்டுமுன் ஏற்பாட்டாளரிடம் என்ன கேட்க வேண்டும்?

குழுவில் எத்தனை பேர் என்று முதலில் கேளுங்கள். இருபத்தைந்துக்கு மேல் போனால் உணவகத்தில் ஒரே மெனுதான் தருவார்கள், நல்ல சிறு கடைகளில் இடமே கிடைக்காது. டூர் மேனேஜர் வேறு, ஊர்தோறும் வரும் உரிமம் பெற்ற உள்ளூர் வழிகாட்டி வேறு. பின்னவர் எந்தெந்த இடத்தில் வருகிறார் என்று கேளுங்கள். ‘பனோரமிக் டூர்’ என்றால் பேருந்திலிருந்து பார்ப்பது மட்டும்தான், உள்ளே போவதில்லை.

ஓட்டுநர் நேரத்தையும் கவனியுங்கள். ஐரோப்பியச் சட்டப்படி நாலரை மணி ஓட்டியதும் 45 நிமிடம் நிறுத்த வேண்டும். ஒரு நாளில் 9 மணி நேரம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10. தினம் 11 மணி நேரம் ஓய்வு, அதை 9ஆகக் குறைப்பதும் சில நாள்தான். இரவு பதினொன்றரைக்கு நடன நிகழ்ச்சியிலிருந்து உங்களை ஓட்டலில் விட்ட அதே ஓட்டுநர் காலை ஏழு மணிக்கு வண்டி எடுக்க முடியாது. அப்படி ஒரு நிரல் இருந்தால், எழுதியவருக்கு ஸ்பெயின் தெரியவில்லை.

நான்கு பேருக்கு ஒரே அறை நகர ஓட்டல்களில் அரிது. உள்கதவால் இணைந்த இரண்டு அறை கேளுங்கள். பார்சலோனாவில் இரவுக்கு இவ்வளவு என்று நகர வரி உண்டு, பேக்கேஜில் சேராமல் ஓட்டலில் கேட்பார்கள். 16 வயது வரை விலக்கு.

விசாவுக்கு?

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். சிங்கப்பூர், மலேசியக் குடிமக்களுக்கு 90 நாள் வரை தேவையில்லை. கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுவரை 45, அதற்குக் கீழே இல்லை. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்கு முன்பாவது கொடுத்தாக வேண்டும். மே மாதப் பயணத்துக்குப் பிப்ரவரியிலேயே நேரம் பதிவு செய்யுங்கள். காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, பயண நாள் அத்தனைக்கும் இருக்க வேண்டும். அப்பாவோ அம்மாவோ ஒருவர் மட்டும் குழந்தையோடு போனால் மற்றவரின் சம்மதக் கடிதம் தேவை. விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை முன்பணம் கட்டும் முன்பே எழுதி வாங்குங்கள்.

திருட்டு பயம் உண்டா?

அடிதடி இல்லை, ஜேப்படி உண்டு. பார்சலோனா ராம்ப்லாஸ் தெரு, மெட்ரோ கதவு மூடும் நொடி, காப்பிக்கடை மேசைமேல் வைத்த போன் இந்த மூன்றில் கவனம். நாற்காலி முதுகில் பையை மாட்டாதீர்கள். கிரானடாவிலும் செவியாவிலும் தேவாலய வாசலில் ரோஸ்மேரிக் கொத்தைக் கையில் திணித்து ஜோசியம் சொல்லிக் காசு கேட்பார்கள், கையை மடக்கிக்கொண்டு நடந்துவிடுங்கள். அவசர எண் 112. பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் போலீஸில் புகார்ச் சீட்டு, பிறகு இந்தியர்கள் மாட்ரிட் தூதரகம்.

திரும்பும்போது என்ன வாங்கலாம்?

லா மஞ்சா குங்குமப்பூ. தூளாக வேண்டாம், இழையாக, மூடி முத்திரையும் தோற்றப் பெயர்ச் சான்றும் உள்ள சிறு டப்பாவாக வாங்குங்கள். லா வேரா பகுதியின் புகைபோட்ட பிமென்தோன் தகர டப்பாவில் வரும். உருளைக்கிழங்கு வறுவலில் கால் ஸ்பூன் போட்டுப் பாருங்கள். அடுப்பை அணைத்த பிறகு போட வேண்டும், கொதிக்கும் எண்ணெயில் போட்டால் நொடியில் கருகிக் கசக்கும். ஆலிவ் எண்ணெயைக் கண்ணாடிப் புட்டியில் வாங்காமல் தகரத்தில் வாங்கி, பிளாஸ்டிக் உறை இரண்டு சுற்றி, விமானத்தில் ஏற்றும் பெட்டியின் நடுவில் துணிகளுக்கிடையே வையுங்கள். ஹமோனை அங்கேயே சாப்பிட்டுவிடுங்கள், இறைச்சியோடு வந்தால் இங்கே சுங்கத்தில் நிற்க வேண்டிவரும்.